எள் போர்த்த சூரை

மும்பை மீனங்காடியில் கோளிப் பெண்டிர் ‘குப்பா’ என்று கூறி விற்கும் மீன், நம் தூத்துக்குடிக் கரையில் சூரை எனப்படும் இனமே என்பதை இவ்வூருக்குப் புதிதாய் வந்த அன்பர் பலர் அறியார். குழம்புக்கும் புட்டுக்கும் உகந்த அம்மீனை எள் போர்த்து வாட்டி உண்பதும் உண்டு. ஜப்பானில் முன்னாளில் தோசா என வழங்கிய கோச்சி மாநிலத்தில், கட்சுவோ என்னும் சூரை வகையை வைக்கோல் தழலில் மேலே மட்டும் வாட்டி, நடுப்பகுதி பச்சையாக இருக்கவே அரிந்து உண்பர். எள் போர்த்த சூரையையும் பெருநகர உணவகங்களில் அவ்வாறே அரைப்பச்சையாய்ப் பரிமாறுகின்றனர்.

இதனை இல்லத்தில் செய்யுமுன் எம் பட்டறிவு ஒன்றைக் கூறல் வேண்டும். ஒரு மே மாதத்து நண்பகலில், பனிக்கட்டியின்றித் தட்டில் கிடந்த சூரையை விலை மலிவென்று வாங்கி வந்தோம். இல்லாள் புளி கரைத்து நன்றாகவே கொதிக்க வைத்தார். உண்ட அரைமணிக்குள் பிள்ளைகள் இருவர் முகமும் சிவந்து தடித்தன, தலைவலி வேறு. மருத்துவர் மருந்தளிக்க, மாலையில் தெளிந்தனர். காரணத்தையும் அவரே விளக்கினார். சூரையின் தசையில் ஹிஸ்டிடின் என்னும் பொருள் மிகுதி. மீன் சூட்டில் கிடந்தால் நுண்ணுயிர்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். அது உண்டான பின் எத்துணை கொதிக்க வைத்தாலும் அழியாது. மணத்தாலும் நிறத்தாலும் அறிய முடியாது.

யாம் புகைவண்டி நிலையப் பார்சல் அலுவலகத்தில் எழுத்தர். மீன் பெட்டிகளிலிருந்து வடியும் பனிநீரைக் கண்டு முகம் சுளித்தவர்கள். அன்று முதல், நீர் முழுதும் வடிந்து உலர்ந்த பெட்டியைக் கண்டால்தான் அஞ்சுகிறோம். கடையிலும் முதலில் விலையைக் கேட்பதில்லை, பனிக்கட்டியையே பார்க்கிறோம்.

இனிச் செய்முறை. நால்வருக்கு அரைக் கிலோ சூரை. 3 சென்டிமீட்டர் கனமுள்ள முள்ளில்லாத் துண்டுகள். அடுப்பேற்றும் வரை குளிர்பெட்டியிலேயே இருக்கட்டும். பின் துணியால் ஈரம் ஒற்றி, உப்பும் மிளகுத்தூளும் தடவுக. வெள்ளெள்ளும் கறுப்பெள்ளும் கலந்து 6 மேசைக்கரண்டி எடுத்து, இருபுறமும் அழுந்தப் பதிக்க. இரும்புத் தோசைக்கல்லில் நல்லெண்ணெய் விட்டு, மிதமான தணலில் பக்கத்திற்கு நான்கைந்து நிமிடம் வாட்டுக. எள் பொன்னிறம் கடந்தால் கசக்கும். உள்ளே செம்மை மாறி வெளிறி, தசை இதழிதழாகப் பிரிந்தால் வெந்தது எனக் கொள்க. அரிந்து எலுமிச்சைச் சாறும் இஞ்சித் துருவலும் சேர்த்துச் சோற்றுடன் பரிமாறுக.

அரைப்பச்சையாய் விரும்புவோர் கடுந்தணலில் பக்கத்திற்கு ஒரு நிமிடம் வாட்டலாம். ஆயின் பச்சையாக உண்பதற்கென்றே உறைகுளிரில் காத்து விற்கும் மீனாக இருத்தல் வேண்டும். கருவுற்ற மகளிர்க்கும் குழந்தைகட்கும் முதியோர்க்கும் முழுதும் வெந்ததே ஏற்றது. எம் இல்லத்தில் அனைவரும் அவ்வாறே உண்கிறோம்.

எள் நீத்தார் கடனுக்குரியதாயிற்றே என்று எம் அன்னையார் முதலில் தயங்கினார். “எள்ளுருண்டை மட்டும் தின்னலாமா பாட்டி?” என்று பேத்தி கேட்கவே, நகைத்து இசைந்தார். அன்று காய்ச்சலுற்றவள்போல் முகம் சிவந்து கிடந்த குழந்தை அவள்தான். இப்போது மீன் வாங்கச் செல்லுங்கால், பனிக்கட்டி இருக்கிறதா என்று எமக்கு முன் அவளே எட்டிப் பார்க்கிறாள்.