முதல் தேர்வும் முதல் மூன்று ஆண்டுகளும்

சூளூர்பேட்டைத் தமிழர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ராக்கெட் கிளம்பும் நாளென்றால் குடும்பத்தோடு மொட்டை மாடிக்கு ஏறிவிடுவோம். புலிகாட் ஏரிக்கு அப்பால் வெளிச்சம் முதலில் தெரியும். சத்தம் வந்து சேர ஏறக்குறைய ஒரு நிமிஷமாகும். அதற்குள் பக்கத்து மாடியிலிருந்து யாராவது, "போயிடுச்சு சார், சக்சஸ்!" என்று தீர்ப்பு சொல்லியிருப்பார்கள். சத்தமே இன்னும் வரவில்லை, தீர்ப்பு வந்துவிட்டது!

இந்தக் கட்டுரை ராக்கெட்டைப் பற்றியதல்ல, ஐஸ் ஹாக்கியைப் பற்றியது. கடலோரத்தில் வியர்வையில் குளித்துக்கொண்டிருக்கும் எனக்கும் பனித்தரை ஆட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். என் மகன் குடும்பம் கனடாவில், மான்ட்ரியாலில் இருக்கிறது. 2023 ஜனவரியில் ஒருநாள் பேரன் போனில் புலம்பினான்: "தாத்தா, எங்க டீம் ஃபர்ஸ்ட் பிக்ல எடுத்தவன் வேஸ்ட்டுன்னு ஸ்கூல்ல எல்லாரும் சொல்றாங்க." அவன் சொன்னது யூராய் ஸ்லஃப்கோவ்ஸ்கி என்ற ஸ்லோவாக்கியப் பையனைப் பற்றி. பேரனுக்குப் பதில் சொல்வதற்காகப் படிக்க ஆரம்பித்தவன், இன்னும் படித்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் அந்தத் தேர்வு முறையைச் சொல்லிவிடுகிறேன். வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீகில் 32 அணிகள். ஆண்டுதோறும் ஏழு சுற்றுகளாக இளம் ஆட்டக்காரர்களை எடுத்துக்கொள்வார்கள். நம் ஐ.பி.எல். ஏலம் போல் பணம் கட்டி எடுப்பதல்ல; முறை வைத்து எடுப்பது. போன பருவத்தில் மோசமாக ஆடிய அணிகளுக்கே முன்வரிசை. முதல் இடம் யாருக்கு என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கும். எடுக்கப்படுபவர்களில் பெரும்பாலோருக்கு வயது பதினெட்டு. நம்மூர்க் கணக்கில் ப்ளஸ் டூ முடித்த பையன். கடைசி இடத்தில் கிடந்த ஓர் அணி, தன் பத்தாண்டு எதிர்காலத்தை அந்தப் பிள்ளையின் தோளில் ஏற்றுகிறது. ஊரே அவனைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

ஸ்லஃப்கோவ்ஸ்கி மேல் ஏறிய சுமை இன்னும் கூடுதல். 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் பதினேழு வயதில் ஏழு கோல் அடித்து, போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கியவர். ஸ்லோவாக்கியாவுக்கு வெண்கலம் கிடைத்தது. அந்த ஜூலையில் தேர்வு நடந்ததே மான்ட்ரியாலில்தான். சொந்த ஊர்க் கூட்டத்தின் முன்னால் முதல் பெயராக இவரை அழைத்தார்கள். ஆனால் முதல் பருவத்தில் 39 ஆட்டம், 4 கோல், 6 உதவி. ஜனவரியில் முழங்காலில் அடிபட்டு மிச்சப் பருவம் போயிற்று. கீழ்நிலை லீகுக்கு அனுப்பி ஆட வைத்திருக்க வேண்டும் என்று ஒரு சாரார். எடுத்ததே தப்பு என்று இன்னொரு சாரார்.

ஏன் இந்த மந்தம்? ஐரோப்பாவில் பல அரங்குகள் 30 மீட்டர் வரை அகலம் உள்ளவை. வட அமெரிக்காவில் 26 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. நாலு மீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் வழுக்கிக்கொண்டு வரும் வேகத்தில் அந்த நாலு மீட்டர் என்பது யோசிப்பதற்குக் கிடைக்கும் அவகாசம். அங்கே ஒரு நொடி இருந்த இடத்தில் இங்கே அரை நொடிகூட இருக்காது. அதற்குள் முப்பது வயது ஆள் வந்து மோதிவிடுவான். பெரிய உடம்புக்காரப் பையன் இதுவரை தன் வயதுப் பிள்ளைகளைத் தோளால் தள்ளியே ஜெயித்திருப்பான். இங்கே அது பலிக்காது. பழைய வித்தையை மறந்து புதிதாகக் கற்க வேண்டும். கற்கும் காலத்தில் முன்பு தெரிந்ததும் தடுமாறும். கார் ஓட்டத் தெரிந்தவர் வெளிநாட்டில் வலது பக்கம் ஓட்டக் கற்கும் முதல் மாதத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, பழைய கணக்குகளைப் பார்த்தால் விடை கிடைக்குமா என்று தேடினேன். 1997-இல் பாஸ்டன் அணி முதலாவதாக எடுத்த ஜோ தார்ன்டன், முதல் பருவத்தில் 55 ஆட்டங்களில் 3 கோல், 4 உதவி. மொத்தம் ஏழே புள்ளி! 1999-இல் அட்லாண்டா அணி முதலாவதாக எடுத்த பாட்ரிக் ஸ்டெஃபான், முதல் பருவத்தில் 72 ஆட்டங்களில் 25 புள்ளி. இந்த இரண்டு மார்க் ஷீட்டையும் என் கையில் கொடுத்திருந்தால் நான் ஸ்டெஃபானைத்தான் பாஸ் போட்டிருப்பேன். நடந்தது என்ன? தார்ன்டன் 1,539 புள்ளிகளோடு ஓய்வுபெற்று 2025-இல் ஹாக்கி புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார். ஸ்டெஃபான் காயங்களோடு போராடி, 455 ஆட்டங்களில் 188 புள்ளிகளோடு அந்த லீகை விட்டுப் போனார். அதே 1999-இல் இரண்டாவதாகவும் மூன்றாவதாகவும் வான்கூவர் எடுத்த செடின் இரட்டையர்களின் முதல் பருவம் ஸ்டெஃபானுடையதைவிடப் பெரிதாக ஒன்றும் இல்லை. பத்தாண்டு கழித்து அண்ணனும் தம்பியும் அடுத்தடுத்த வருஷம், 2010-லும் 2011-லும், லீகில் அதிகப் புள்ளி எடுத்தவருக்கான விருதை வாங்கினார்கள்.

ஆக, முதல் வருஷத்துக் கோல் கணக்கு நமக்கு அதிகம் சொல்வதில்லை. அந்த லீகில் ஒரு கோல் விழ சராசரியாகப் பத்து அடி தேவைப்படுகிறது. குறைந்த நேரமே களத்தில் இருக்கும் பையனுக்கு இருபது, முப்பது அடி அதிர்ஷ்டக் கணக்கிலேயே போய்விடும். அப்படியானால் எதைப் பார்ப்பது? பயிற்சியாளர் அவனை எத்தனை நிமிஷம் இறக்குகிறார், யாருடன் சேர்த்து இறக்குகிறார், அவன் நிற்கும்போது பந்துக்குப் பதிலான அந்த ரப்பர் வட்டு எந்தப் பக்கம் அதிகம் இருக்கிறது, சுவரோரச் சண்டையில் அதை மீட்கிறானா, போன மாதம் செய்த தப்பையே இந்த மாதமும் செய்கிறானா. இதெல்லாம் ஸ்கோர் போர்டில் வராது. உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

நம் பக்கத்திலும் இந்தக் கதை உண்டு. வருண் சக்கரவர்த்தியை 2019 ஐ.பி.எல்.லுக்காகப் பஞ்சாப் அணி 8.4 கோடிக்கு எடுத்தது. அடிப்படை விலை வெறும் 20 லட்சம். கொல்கத்தாவில் அவர் வீசிய முதல் ஓவரில் 25 ரன். அந்தப் பருவத்தில் அந்த ஒரே ஆட்டம்தான், பிறகு காயம். அடுத்த ஆண்டு கொல்கத்தா அணி 4 கோடிக்கு எடுக்க, 17 விக்கெட். 2021 உலகக் கோப்பையில் மூன்று ஆட்டம், ஒரு விக்கெட்கூட இல்லை. மூன்று ஆண்டு இந்திய அணிக்கு வெளியே. அந்த இடைவெளியில் பந்தைச் சுழற்றும் விதத்தையே மாற்றிக்கொண்டு வந்து, 2025 சாம்பியன்ஸ் டிராபியில் நியூசிலாந்துக்கு எதிராக 42 ரன்னுக்கு 5 விக்கெட். "வீண் செலவு" என்று 2019-இலேயே நம்மில் எத்தனை பேர் முடிவு கட்டினோம்! நானும் கட்டினேன்.

ராக்கெட்காரர்கள் இந்த விஷயத்தில் நம்மைவிடக் கெட்டி. ஜி.எஸ்.எல்.வி.க்குக் "குறும்புக்காரப் பையன்" என்றே பெயர். 2010-இல் மட்டும் இரண்டு தோல்வி. ஏப்ரலில், சொந்தமாகச் செய்த கிரையோஜெனிக் கட்டத்தில் எரிபொருளைத் தள்ளும் டர்போ பம்ப் நின்றுபோனது. டிசம்பரில் கிளம்பிய ஒரு நிமிஷத்துக்குள் கட்டளை கொண்டுபோகும் இணைப்புகள் பிடுங்கிக்கொண்டன. அதில் இருந்தது ரஷ்யாவில் செய்த மேல் கட்டம். டீக்கடையில் இரண்டும் ஒரே "ஃபெயில்". ஆய்வு செய்தவர்களுக்கு இரண்டும் வேறு வேறு நோய், வேறு வேறு மருந்து. 2013 ஆகஸ்டில் கிளம்ப ஒருமணி நேரத்துக்குச் சற்று மேல் இருக்கும்போது எரிபொருள் கசிவு தெரிந்து நிறுத்தினார்கள். அன்றைக்கு மாடியிலிருந்து இறங்கும்போது நாங்கள் பேசியதை இங்கே எழுத முடியாது. 2014 ஜனவரி 5-ஆம் தேதி அதே வண்டி சொந்த கிரையோஜெனிக் இயந்திரத்தோடு மேலே போனது. அதன்பிறகும் 2021-இல் ஒருமுறை கவிழ்ந்தது. 2025 ஜூலையில் நாசாவோடு சேர்ந்து செய்த நிசார் செயற்கைக்கோளைக் கொண்டுபோய்ச் சேர்த்ததும் இதே பையன்தான்.

பொறுத்திருந்தால் எல்லாம் பழுக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. ஸ்டெஃபானுக்கும் பொறுத்துத்தான் பார்த்தார்கள். அவசரம் எப்படித் தப்போ, பிடிவாதமும் அப்படியே. தோற்றால் எதனால் தோற்றான் என்று தனித்தனியே கேட்கவேண்டும். அந்தக் காரணம் குறைந்துகொண்டு வருகிறதா என்று பார்க்கவேண்டும். அதற்கு மூன்று பருவமாவது வேண்டும் என்பது என் கணக்கு. பொறுமையில்லாத அப்பாக்களுக்கு இது பிடிக்காது.

எனக்கே பிடிக்கவில்லை. என் மகன் இங்கே படிக்கும்போது பள்ளி ஹாக்கி அணியில் முன்வரிசை ஆட்டக்காரன். ஒரு வருஷம் முழுக்க ஒரு கோல்கூட அடிக்கவில்லை. "இது உனக்கு ஒத்துவராதுப்பா, படிப்பைப் பாரு" என்று ஸ்டிக்கை வாங்கிப் பரணில் போட்டுவிட்டேன். அவன் ஆட்டத்தை ஒருநாள்கூட நான் போய்ப் பார்த்ததில்லை. கோல் கணக்கைத்தான் கேட்டேன். அவன் அதற்குப் பிறகு அந்தப் பேச்சே எடுத்ததில்லை.

ஸ்லஃப்கோவ்ஸ்கி இரண்டாவது பருவத்தில் 82 ஆட்டமும் ஆடி, 20 கோல், 30 உதவி எடுத்தார். 2024 ஜூலையில் மான்ட்ரியால் அவரோடு எட்டு ஆண்டு ஒப்பந்தம் போட்டது. பேரன் சந்தோஷமாகப் போன் செய்தான். அவனும் இப்போது ஆடுகிறான். விடியற்காலை ஐந்து மணிக்குப் பனியில் அவனைக் காரில் கூட்டிப்போவது என் மகன்தான். ஆட்டம் முடியும்வரை அங்கேயே நிற்கிறானாம். போன வாரம் வழக்கம்போல, "எத்தனை கோல்டா அடிச்சான்?" என்று கேட்டேன். "கோல் இல்லப்பா. ஆனா சுவத்துப் பக்கம் நாலு தடவை பக்கை மீட்டான்" என்றான். நாலையும் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன்.