எளிய ஆங்கிலம் எழுதினால் இயந்திரமா?

“காலையில் எழுந்ததும் பல்…” என்று நிறுத்தினால், மீதியை நீங்களே முடித்துவிடுவீர்கள் அல்லவா? 2022 நவம்பரில் வெளிவந்த சாட்ஜிபிடி செய்வதும் ஏறத்தாழ இதுதான். ஏராளமான நூல்களையும் கட்டுரைகளையும் கொண்டு பயிற்றப்பட்ட அந்நிரல், அடுத்து எந்தச் சொல் வர வாய்ப்பு மிகுதி என்று கணக்கிட்டுக்கொண்டே செல்கிறது.

ஆங்கிலம் பயிலும் கல்லூரி மாணவருக்கு இது நல்ல துணை. ஒரே பிழையைப் பத்து முறை செய்தாலும் அது சலித்துக்கொள்ளாது. வகுப்பில் பிறர் சிரிப்பார்களே என்ற கூச்சமும் இல்லை. ஆனால் ஓர் அச்சம் உண்டு: நானே எழுதியதையும் ஆசிரியர் நம்பாமல் போனால்?

இயந்திரம் எழுதியதைக் கண்டுபிடிப்பதாகச் சொல்லும் நிரல்களும் விற்பனைக்கு வந்துள்ளன. அவற்றுள் பல எப்படி வேலை செய்கின்றன தெரியுமா? கட்டுரையின் ஒவ்வொரு சொல்லையும், அதற்கு முந்தைய சொற்களைக் கொண்டு ஊகிக்க முடிகிறதா என்று பார்க்கின்றன. எளிதில் ஊகிக்க முடிந்தால், எழுதியது இயந்திரம். அடிக்கடி திகைக்க நேர்ந்தால், எழுதியவர் மனிதர்!

கோளாறு இங்கேதான். அயல்மொழியில் எழுதுபவர் தமக்குப் பழகிய சில சொற்களையே திரும்பத் திரும்பக் கையாள்வார். அவற்றை ஊகிப்பது எளிது.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் இதைச் சோதித்தனர். ஆங்கிலம் தாய்மொழியல்லாத மாணவர்கள் டோஃபெல் தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகளை ஏழு நிரல்களிடம் கொடுத்தனர். சராசரியாக 61 விழுக்காட்டுக் கட்டுரைகள் இயந்திரம் எழுதியவை என்று தீர்ப்பாயின. 18 கட்டுரைகளை ஏழு நிரல்களுமே ஒரே குரலில் பழித்தன. அமெரிக்க எட்டாம் வகுப்பு மாணவர்களின் கட்டுரைகளில் இத்தகைய தவறு மிக அரிது.

இன்னொரு வேடிக்கையைக் கேளுங்கள். அதே 91 கட்டுரைகளின் சொற்களைச் செழுமைப்படுத்துமாறு சாட்ஜிபிடியிடமே கேட்டனர். தவறான தீர்ப்பு 12 விழுக்காட்டுக்கு இறங்கியது! சொந்தமாக எழுதியவர் குற்றவாளி. இயந்திரத்திடம் மெருகு வாங்கியவர் நிரபராதி.

சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமும் இவ்வகை நிரல் ஒன்றை வெளியிட்டு, அதன் துல்லியம் போதாதென்று 2023 ஜூலையில் திரும்பப் பெற்றது. ஆகவே இந்நிரல்களின் தீர்ப்பைச் சான்றாக ஏற்பது முறையன்று. ஐயம் எழுந்தால், மாணவரை அழைத்து அக்கட்டுரையைப் பற்றியே நாலு கேள்வி கேட்கலாம். நீங்களும் முதல் வரைவைக் கிழித்துப் போடாதீர்கள். அடித்தல் திருத்தல்களோடு அது உங்கள் நோட்டிலேயே இருக்கட்டும்.