குறியும் குலப்பதிவும்

மாடு என்னுஞ் சொல்லுக்குச் செல்வம் என்ற பொருளும் உண்டென மாணவர்க்குக் கற்பித்து வருகின்றோம். அச்செல்வத்துக்குக் கணக்கெழுதி வைத்தோமா எனின், இல்லை. இறுப்பிட்டியில் எம் முன்னோர் மாட்டுக்குக் குறிசுட்டனர். குறி உடையவரைக் காட்டும். தாய் எது, தந்தை எது என்பதைக் காட்டாது. 1991ஆம் ஆண்டில் தீவு மக்கள் இடம்பெயர்ந்தபோது, சிறுவராயிருந்த யாமும் எமது பசுவை அவிழ்த்துவிட்டே படகேறினோம். பல்லாண்டு கழித்து மீண்டபோது தரவையிற் கட்டாக்காலிகளாய் மேய்ந்தவற்றுட் பல குறியற்றவை. எமது பசுவின் வழிவந்தது எதுவெனக் கூறவல்லார் எவருமிலர்.

மேனாட்டார் இக்குறையை ஏட்டினால் நீக்கினர். மாடுகளுக்கான குலப்பதிவேடு இங்கிலாந்தில் 1822ஆம் ஆண்டிலேயே ஷோர்ட்ஹோர்ன் இனத்துக்காக வெளிவந்தது. ஆயினும் எமக்கு வியப்புத் தருவது பிறேசில் நாட்டுக் கதையே. அங்கே இறைச்சிக்கென வளர்க்கப்படுவனவற்றிற் பெரும்பகுதி ‘நெலோர்’ இனமும் அதன் கலப்புமாகும். பெயரைக் கேட்டவுடன் ஊர் விளங்கும். ஆந்திரக் கரையிலுள்ள நெல்லூரே அது. ஏரும் வண்டியும் இழுத்த ஒங்கோல் மாடுகள் 19ஆம் நூற்றாண்டிற் கப்பலேறி அங்குச் சென்றன. வெண்மயிரும் கருந்தோலும் உயர்ந்த திமிலும் உடைய அவை வெயிலையும் உண்ணியையும் தாங்கின. பசுவைப் போற்றும் எம்மவர்க்கு அங்கு அவற்றின் முடிவு உவப்பானதன்று. எனினும் அந்நாட்டார் எழுதிய ஏட்டைப் பழிப்பதற்கில்லை.

1938இல் அங்கே பதிவு தொடங்கியது. இன்று அப்பணி ஊபெராபா நகரிலுள்ள செபு மாடு வளர்ப்போர் சங்கத்தின் கையில் உள்ளது. கன்று பிறந்ததும் பிறந்த நாளும் தாய் தந்தையும் அறிவிக்கப்படுகின்றன. இது பிறப்புப் பதிவு. கன்று வளர்ந்தபின் சங்கத்து வல்லுநர் நேரில் வந்து தலை, திமில், கால், நிறம் ஆகியவற்றை நோக்குவர். தக்கதாயின் மட்டுமே நிலையான பதிவு கிடைக்கும். தாயும் தந்தையும் பதிவுபெற்றனவாயிருந்தும் உருவிற் குறையுடையது தள்ளப்படும். குலம் மட்டும் போதாதென்பதை மாடு வளர்ப்போராவது அறிந்திருக்கின்றனரே! கன்றுகளின் நிறையும் பருவந்தோறும் எழுதப்படுவதால், காளையின் தரத்தை அதன் மக்களைக்கொண்டே அளக்க முடிகின்றது. நெருங்கிய உறவுள்ளவற்றை இணைத்து இனத்தை நலிவிக்கும் தவறும் தவிர்க்கப்படுகின்றது.

1960களின் தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து சென்ற காளைகளுள் ஒன்று, ஒங்கோலை அடுத்த கரவதி என்னும் சிற்றூரின் பெயராலேயே பதிவாயிற்று. இன்றும் பிறேசில் மாடுகள் பலவற்றின் வழிமுறையில் அவ்வூர்ப்பெயர் நிற்கின்றது. 2023இல் வியாத்தினா-19 என்னும் நெலோர் பசுவின் மூன்றிலொரு பங்கு ஏலத்தில் விற்கப்பட்டது. அதன்படி முழுப் பசுவின் மதிப்பு 40 இலட்சம் அமெரிக்க டொலரைக் கடந்தது. அதன் நிறை ஏறத்தாழ 1,100 கிலோ. வாங்கியோர் விலைகொடுத்தது இறைச்சிக்கன்று, அதன் கருமுட்டைகளுக்கு.

எமது தீவின் சிறிய ஊர்மாடு அத்தகைய விலைபோகாது. ஆனால் காய்ந்த தரவையில் மேய்ந்து பிழைக்கும் வலி அதற்கு உண்டு. அவ்வலி எந்தப் பசுவின் வழியில் மிகுதியென்று எழுதிவைக்க ஓர் அப்பியாசப் புத்தகம் போதும். கன்று ஈன்ற நாள், தாய், பொலிகாளை, நிறம் ஆகியவற்றைக் குறித்தால் முதற்பக்கம் நிறையும். செயற்கைமுறைச் சினைப்படுத்தலாயின் விந்துக் குழாயிலேயே காளையின் எண் பொறிக்கப்பட்டிருக்கும். பட்டியில் எறிந்துவிடுமுன் அதனையும் பார்த்து எழுதிக்கொள்ளலாம்.