கண்டக்டர் வாயில் ஒரு ஃப்ரேசல் வெர்ப், தெரியுமா?

பெசன்ட் நகர் போகும் 29சி பஸ் மயிலாப்பூரில் நிற்கிறது. ஒரு பாட்டி இன்னும் படியில்தான் இருக்கிறார். பின்னாலிருந்து கண்டக்டர் குரல்: “ஓல்டான், ஓல்டான்!” டிரைவர் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை. அந்த ‘ஓல்டான்’ அசல் ஆங்கில ஃப்ரேசல் வெர்ப் என்று தெரியுமா? ‘ஹோல்ட் ஆன்’ என்பதுதான் அது. ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகளைத் திணறவைக்கும் அதே இனம், நம் ஊர் பஸ்ஸில் டிக்கெட் எடுக்காமலே பயணம் செய்துகொண்டிருக்கிறது!

இது ஒன்றுதானா? கோடம்பாக்கத்தில் படப்பிடிப்பு முடிந்தால் ‘பேக்கப்’. முகத்தில் பூசினால் ‘மேக்கப்’. போலீஸ் பிடித்தால் ‘லாக்கப்’. வண்டி நடுரோட்டில் நின்றால் ‘பிரேக்டவுன்’. காதல் முறிந்தால் ‘பிரேக்கப்’. எல்லாமே ஒரு வினையும் ஒரு குட்டி ஒட்டும் சேர்ந்து பிறந்தவை. ‘ஃப்ரேசல் வெர்ப்’ என்ற பெயர் மட்டும் மிகப் புதியது: 1925இல் லோகன் பியர்சால் ஸ்மித் எழுதிய புத்தகத்தில்தான் அது அச்சேறியது. ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஆசிரியர் ஹென்றி பிராட்லி சொல்லிக்கொடுத்த பெயர் என்று ஸ்மித்தே குறிப்பிட்டிருக்கிறார். பெயர் வருவதற்கு வெகுகாலம் முன்பே, 1755இல், சாமுவேல் ஜான்சன் தன் அகராதியின் முன்னுரையில் வெளிநாட்டாருக்கு மிகப் பெரிய சிரமம் இந்த ஒட்டு வினைகள்தான் என்று எழுதிவிட்டார்.

நம் பிள்ளைகளுக்கு இன்னொரு சிரமமும் உண்டு. எங்கே? காலத்தில். ‘கிவ் அப்’ நேற்று நடந்தால் ‘கேவ் அப்’, நடந்து முடிந்திருந்தால் ‘கிவன் அப்’. ‘டேக் ஆஃப்’ என்றால் ‘டுக் ஆஃப்’, ‘டேக்கன் ஆஃப்’. ‘ஹோல்ட் ஆன்’ நேற்றைக்குப் போனால் ‘ஹெல்ட் ஆன்’. ‘புட் ஆஃப்’ போன்ற சிலவற்றுக்கு மட்டும் நேற்றும் இன்றும் ஒரே முகம். கவனித்தீர்களா? மாறினால், மாறுவது எப்போதும் தலையான வினை. வாலாக வரும் ஒட்டு அசையவே அசையாது.

இப்போது தி.நகருக்கு வாருங்கள். பாண்டி பஜாரில் ஒரு துணிக்கடை. விற்பனைப் பெண் சுடிதாரை நீட்டிச் சொல்கிறார்: “போட்டுப் பாருங்கக்கா.” ஆங்கிலத்தில் இதற்குச் சரியான இணை ‘ட்ரை ஆன்’. ஆம், தமிழிலும் இப்படி இரண்டு சொல் சேர்ந்து ஒரு வினையாகிறது! இந்தப் ‘பார்’ கண்ணால் பார்க்கும் பார் அல்ல. சாப்பிட்டுப் பார், கேட்டுப் பார், தொட்டுப் பார் என்று நாக்குக்கும் காதுக்கும் விரலுக்கும் அதே பார்தான். முயன்று தெரிந்துகொள் என்று அதற்குப் பொருள்.

இனிமேல்தான் அதிசயம். நேற்று போட்டுப் பார்த்தேன். நாளைக்குப் போட்டுப் பார்ப்பேன். ‘போட்டு’ என்பது இறந்தகால வினையெச்சம். ஆனால் நாளைக்கு நடக்கப்போகும் காரியத்திலும் அது அப்படியே உறைந்து நிற்கிறது. காலத்தைச் சுமப்பது முழுக்க வால்! பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலில் வகுத்தபடி, பகுதிக்கும் விகுதிக்கும் நடுவே உட்கார்ந்து காலம் காட்டும் இடைநிலை கடைசி வினைக்குள்தான் இயங்குகிறது. ஆங்கிலத்தில் தலை மாறி வால் உறையும். தமிழில் தலை உறைந்து வால் மாறும். கண்ணாடியில் பார்த்த பிம்பம் போல அப்படியே இடம் வலம் மாறி!

விட்டுக்கொடு, பார்த்துக்கொள், தூக்கிப்போடு, எழுதிவிடு: எதை எடுத்தாலும் இதே கணக்கு. வாலாக வரும் இந்தத் துணைவினைகள் சாதாரண விஷயமில்லை. ஹரால்ட் ஷிஃப்மன் 1969இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் இவற்றைப் பற்றியே முனைவர் பட்டம் வாங்கினார். மொழியியலறிஞர் இ. அண்ணாமலை 1985இல் ஒரு முழுப் புத்தகமே கொண்டுவந்தார்.

சரி, இரண்டு மொழியும் சென்னையில் மோதினால்? மோதவில்லை, ‘பண்ணு’ வந்து சமாதானம் செய்துவைத்தது. ஆங்கில வினை முழுவதையும் தலையாக்கி உறையவைத்துவிட்டு, காலத்தைத் தான் ஏற்றுக்கொண்டது. பையனை ஸ்கூல்லேர்ந்து பிக்கப் பண்றேன், பண்ணினேன், பண்ணுவேன். பண்ணிட்டேன் என்றால் வேலை முடிந்தது. பண்ணிட்டிருந்தேன் என்றால் நடந்துகொண்டிருந்தது. “நீ சொல்லியிருந்தா நானே பிக்கப் பண்ணிருப்பேன்” என்று அடையாற்றுச் சித்தி சொல்லும்போது, ஆங்கிலத்தில் நாலைந்து சொல் கேட்கும் நடக்காத கற்பனைக் காலம் ஒரே மூச்சில் வந்துவிடுகிறது! இதற்கு மேல் ‘ஆகு’ வேறு. ஆங்கிலத்தில், கணினி தானாக ஷட் டவுன் ஆனாலும் நாம் செய்தாலும் வினை ஒன்றேதான். நாமோ ‘ஷட்டவுன் பண்ணிட்டேன்’, ‘ஷட்டவுன் ஆயிடுச்சு’ என்று யார் கை பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம்.

பிள்ளைகள் ‘பிக்கப்ட்’ என்று எழுதி, ஆசிரியரிடம் சிவப்பு மை வாங்குவது ஏன் என்று இப்போது புரிகிறதா? அது மக்குத்தனம் இல்லவே இல்லை. காலம் வாலில் வரும் என்று தாய்மொழி தந்த துல்லியமான உள்ளுணர்வு அது. ‘பிக்கப்’ ஒரே சொல்லாகக் காதில் விழுந்ததால் கடைசியில் போய் ஒட்டுகிறார்கள். “தமிழில் வால், இங்கிலீஷில் தலை” என்று ஒரே ஒரு வரி சொல்லிக்கொடுங்கள். ‘பிக்ட் அப்’ தானாக வரும். பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யவைப்பதை விட இது எவ்வளவோ மேல் என்பது என் உறுதியான எண்ணம்.

இன்னொன்று தெரியுமா? ஆங்கிலத்தில் தலைக்கும் வாலுக்கும் நடுவே ஆளையே உட்காரவைக்கலாம். ‘பிக் ஹிம் அப்’ என்றுதான் சொல்ல வேண்டும். ‘பிக் அப் ஹிம்’ தவறு. தமிழ் அவ்வளவு இடம் கொடுக்காது. ‘வந்துவிட்டான்’ என்பதன் நடுவே அவனையோ இவனையோ நுழைக்க முடியாது. ஆனால் ஒற்றை எழுத்து ‘ஏ’ வந்து கதவைத் தட்டினால் திறக்கிறது: வந்தே விட்டான்!