கிணற்றுக்கும் குழிக்கும் நடுவே 18 மீட்டர்

குழாய்த் தண்ணீர் வரும் வீட்டில், அந்தத் தண்ணீருக்குக் காவலாக எங்கோ ஒருவர் இருக்கிறார். குளோரின் கலக்கிறார்கள், மாதிரி எடுத்துப் பார்க்கிறார்கள். சொந்தக் கிணறோ போரோ வைத்திருக்கும் வீட்டில் அந்தப் பொறுப்பு முழுக்க வீட்டுக்காரர் தலையில். தண்ணீர் பளிங்காக இருக்கிறது, பருப்பு நன்றாக வேகிறது, வாய்க்கு இனிக்கிறது. அத்தோடு சோதனை முடிந்ததாக நினைத்துவிடுகிறோம். பருப்பு வேகாவிட்டால் தண்ணீரில் கடினத்தன்மை அதிகம் என்று தெரியும். உப்பு ஏறினால் நாக்கு சொல்லிவிடும். கழிவு கலந்திருந்தால் கண்ணும் நாக்கும் கைவிட்டுவிடும்.

மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது மணலும் களிமண்ணும் கிருமிகளைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. பல மீட்டர் ஆழம் போவதற்குள் நீர் பெருமளவு சுத்தமாகிவிடும். கிணறு வெட்டும்போது இந்த வடிகட்டியில் நாமே ஓர் ஓட்டை போடுகிறோம். அந்த ஓட்டை வழியே மேல்தண்ணீர் நேராக இறங்கிவிடாமல் தடுக்கத்தான் கிணற்றுக்கான விதிகள் எல்லாம்.

பழைய கிணற்றடிகளை நினைத்துப் பாருங்கள். துவைகல், பாத்திரம் துலக்கும் இடம், வாழைக்கன்று எல்லாம் சுவரை ஒட்டியே இருக்கும். தளத்தில் விரிசல் விழுந்துவிட்டால், அழுக்குத் துணி அலசிய நீர் கிணற்றுக்கே திரும்பிவிடும். ஆகவே உட்சுவர் மேலிருந்து சுமார் 6 மீட்டர் ஆழம் வரை கசியாமல் கட்டப்பட்டிருக்க வேண்டும். கைப்பிடிச் சுவர் 70 சென்டிமீட்டராவது உயர வேண்டும். சுற்றிலும் ஒரு மீட்டர் அகலத்துக்கு வெளிப்பக்கம் சரிந்த சிமென்ட் தளம், நீரைத் தள்ளிக்கொண்டு போகும் வாய்க்கால், மேலே மூடி. உறைக்கிணறு என்றால் இன்னும் கவனம் வேண்டும். கீழடியில் கிடைத்த சுடுமண் உறையானாலும் இன்றைய சிமென்ட் உறையானாலும் மண் சரியாமல் நன்றாகத் தாங்கும். இரண்டு உறைகள் சேரும் இடம்தான் அதன் பலவீனம். மேல் உறைகளின் இணைப்புகளைச் சிமென்ட் வைத்துப் பூசியே ஆக வேண்டும்.

போர் ஆழமானது, அதனால் பாதுகாப்பானது என்று நம்புகிறவர்கள் அதன் வாயைப் பார்க்கட்டும். கேசிங் பைப்புக்கும் துளைக்கும் நடுவிலுள்ள இடைவெளியைச் சிமென்டால் அடைக்காமல் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டுப் போனால், மேல்தண்ணீர் அந்தச் சந்து வழியாகவே இறங்கும். கார் நிறுத்த இடைஞ்சல் என்று பைப்பைத் தரைமட்டத்துக்கு வெட்டிவிடுவதும் உண்டு. ஐப்பசி மழையில் அது ஒரு சாக்கடை வாய்.

எல்லாவற்றிலும் பெரிய சிக்கல் தூரம். செப்டிக் டேங்கிலிருந்து வெளிவரும் நீரை மண்ணுக்குள் விடும் உறிஞ்சுகுழி, குடிநீர்க் கிணற்றிலிருந்து குறைந்தது 18 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். அடிக்கணக்கில் 59. ஒரு கிரவுண்டு மனை என்பது 40க்கு 60 அடி. ஒரு கோடியில் கிணறும் மறு கோடியில் குழியும் வைத்தால்தான் கணக்கு ஏறக்குறைய சரிவரும். அரை கிரவுண்டில் பெரும்பாலும் வழியே இல்லை. நம் மனைக்குள் தூரம் விட்டிருந்தாலும், பக்கத்து வீட்டுக் குழி மதில் சுவரை ஒட்டி இருக்கலாம். நிலத்தடி நீருக்கு மதில் ஏது?

சுண்ணாம்புப் பாறைப் பகுதியில் 18 மீட்டரும் போதாது. பாறை வெடிப்புகளின் வழியே கழிவுநீர் வடிகட்டப்படாமலே வெகுதூரம் ஓடும் என்பதால், அங்கே உறிஞ்சுகுழியே வேண்டாம் என்கிறது அதே தர நிர்ணயம். யாழ்ப்பாணக் குடாநாடு இதற்குச் சாட்சி. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. காலங்காலமாகக் கிணறுதான் குடிநீர். மலசலகூடக் குழிகளும் தோட்டத்து உரமும் சேர்ந்து பல கிணறுகளில் நைட்ரேட்டை ஏற்றிவிட்டன.

இந்த நைட்ரேட்டைப் பற்றிக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். 1945இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஹண்டர் காம்லி என்ற மருத்துவர், பண்ணை வீட்டுக் குழந்தைகள் சிலர் நீலம் பாரித்துப் போவதற்குக் கிணற்று நீரிலிருந்த நைட்ரேட்டே காரணம் என்று எழுதினார். பால்மாவு கரைக்க அந்தத் தண்ணீரைத்தான் ஊற்றியிருந்தார்கள். இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை நைட்ரேட் குறைத்துவிடுகிறது. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுக்கே ஆபத்து அதிகம். கைக்குழந்தைக்கென்று நாம் தண்ணீரைக் கொதிக்க வைக்கிறோம். கிருமிகள் சாகும்; நைட்ரேட் போகாது. நீர் ஆவியாக ஆவியாக அதன் அடர்த்தி இன்னும் கூடும். இந்தியக் குடிநீர்த் தரப்படி லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருக்கக் கூடாது. இதில் தளர்வே இல்லை. ஃபுளோரைடு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கழிவின் அடையாளமான ஈ.கோலை கிருமி 100 மில்லிலிட்டரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது.

கிருமிச் சோதனைக்கு வீட்டிலேயே ஒரு வழி உண்டு. மருந்து தடவிய காகிதம் போட்ட சிறு குப்பியில் தண்ணீரை ஊற்றி வைத்தால், கழிவுக் கிருமி இருக்குமானால் ஓரிரு நாளில் கறுத்துவிடும். 1982இல் இந்திய ஆய்வாளர்கள் உலகுக்குத் தந்த எளிய முறை இது. ரசாயனங்களுக்கு ஆய்வகம்தான் வேண்டும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் மாவட்டங்களில் ஆய்வகங்கள் வைத்திருக்கிறது.

கிருமி இருந்தால் பிளீச்சிங் பவுடர், 1000 லிட்டருக்கு 2.5 கிராம். இரண்டு மீட்டர் விட்டக் கிணற்றில் மூன்று மீட்டர் தண்ணீர் நின்றால் சுமார் 9,400 லிட்டர். 24 கிராம் போதும். வாளியில் கரைத்துத் தெளியவிட்டு, தெளிந்த நீரை மட்டும் கிணற்றில் விட்டுக் கலக்குங்கள். ஒரு மணி நேரம் இறைக்காதீர்கள். பொட்டலம் புதிதாக இருக்கட்டும். ஈரம் பட்ட பழைய பவுடரில் குளோரின் பெரும்பாலும் பறந்துபோயிருக்கும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு கிணற்றிலிருந்து குழிவரை அளந்து பாருங்கள். பக்கத்து வீட்டாரையும் கேட்டு, அவர்கள் குழி எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். 18 மீட்டருக்குக் குறைவு என்றால், தண்ணீரைப் பரிசோதிக்கும்வரை அந்தக் கிணற்று நீரைக் கைக்குழந்தைக்குக் கொடுக்க வேண்டாம்.