பாட்டிலுக்குள்ளே என்ன இருக்கு?

ஒரு சின்னக் கணக்கு. கொஞ்சம் எண்ணெய், அதில் துளி சோப்பு. அடக்க விலை என்ன வரும்? 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவில் அதை பாட்டில் ஒரு டாலருக்கு விற்றார்கள்! பெயர் 'மதர்ஸ் ஃப்ரெண்ட்'. தாயின் தோழனாம். கர்ப்பிணிகள் மேலே தேய்த்துக்கொண்டால் பிரசவம் சுகமாக ஆகிவிடும் என்று அட்லாண்டா கம்பெனி ஒன்று விளம்பரம் செய்தது. இலவசப் புத்தகம் வேறு. பிற்பாடு அரசாங்கம் சோதித்துப் பார்த்தபோதுதான் எண்ணெய், சோப்பு சமாசாரம் வெளியே வந்தது.

பி.காம். படித்த எனக்கு அந்த லாபத்தை நினைத்தால் தலை சுற்றுகிறது. ஆனால் ஒன்று... அவர்கள் விற்றது எண்ணெயை இல்லை, பயத்தை. செத்துப் பிழைத்து வருகிற காரியத்துக்கு ஒரு டாலர் பெரிசா?

லிடியா பிங்க்கம் அம்மாள் கதை இன்னும் ஜோர். 1875-ல் விற்பனைக்கு வந்தது அவருடைய பெண்கள் டானிக். அம்மாள் மதுவிலக்குக் கட்சி. டானிக்கிலோ சுமார் 18 சதவீதம் ஆல்கஹால்! 'உங்கள் கஷ்டத்தை அம்மாவுக்கு எழுதுங்கள்' என்று விளம்பரம். பெண்கள் எழுதினார்கள், பதிலும் வந்தது. 1883-ல் அம்மாள் காலமான பிறகும் வந்தது! 1905-ல் ஒரு பத்திரிகை அவருடைய கல்லறையைப் படம் பிடித்துப் போட்டது. அப்புறம்தான் ஊருக்கு உறைத்தது.

நம்ம ஊர் எப்படி? குமரி மாவட்டத்தில் 1838-லேயே நெய்யூரில் லண்டன் மிஷன் வைத்தியம் தொடங்கிவிட்டது. ஆனாலும் பேறுகால மருந்து வீட்டுச் சரக்குதான். கோட்டாற்றுக் கடையில் சுக்கு, மிளகு, திப்பிலி வாங்கி, இடித்து, கருப்பட்டிப் பாகில் கிண்டுவார்கள். 'திப்பிலி கூடிப் போச்சு பிள்ளே' என்று மாமியார் சண்டைக்கு வரலாம். அளவில்தான் சண்டை. உள்ளே என்ன என்பதில் ரகசியமில்லை.

சென்னையிலும் பெண்கள் மருந்து பாட்டிலில் வந்தது. டாக்டர் கே.என்.கேசரியின் 'லோத்ரா'. மனிதர் 1928-ல் 'கிருஹலட்சுமி' என்று தெலுங்கில் மாதர் பத்திரிகையே தொடங்கினார். வாங்குகிறவர்களிடம் நேரே போய்ச் சேர்கிற வித்தை! ஆனால் லோத்ரா என்பது ஒரு மரப்பட்டையின் பெயர். உள்ளே இருப்பதில் ஒன்றையாவது பெயரே சொல்லிவிட்டது.

ஆல்கஹால், அபின் இருந்தால் லேபிளில் போடு என்று அமெரிக்கா 1906-ல் சட்டம் கொண்டுவந்தது. மாய மருந்து விளம்பரங்களுக்கு இந்தியா 1954-ல் கடிவாளம் போட்டது. கருவிலிருக்கும் குழந்தையை ஆணாகவோ பெண்ணாகவோ மாற்றுவதாக எந்த மருந்தும் சொல்லக்கூடாது என்று நம் மருந்து விதிகளிலேயே இருக்கிறது.

தீர்ந்ததா? 2011-12-ல் நியூயார்க்கில் 6 கர்ப்பிணிகளின் ரத்தத்தில் ஈயம் ஏறியிருந்தது. காரணம், இந்தியாவில் தயாரான ஆயுர்வேத மாத்திரைகள். 'இயற்கை மருந்துதானே' என்பார்கள். ஈயமும் இயற்கைதான், ஸார்!

ஆகவே, உங்கள் வீட்டில் பிள்ளை உண்டாகியிருக்கும் பெண்ணிடம் யாராவது பொட்டலம் நீட்டினால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'இதிலே என்ன இருக்கு?' சொன்னால் எழுதி வாங்கி டாக்டரிடம் காட்டுங்கள். 'அது பரம்பரை ரகசியம்' என்றால், பொட்டலமும் அவர் பரம்பரையிடமே இருக்கட்டும்.