உங்களுக்குத் தெரியுமா? உப்புக் கல்லுக்குள் உயிரின் தடம்

குமரி மாவட்டத்தில் புத்தளம், சாமித்தோப்பு பக்கம் போனால் உப்பளப் பாத்திகளைச் சற்று நின்று பாருங்கள். நீர் முற்றி, உப்புநீரின் செறிவை அளக்கும் போமே கணக்கில் 25 டிகிரியை ஒட்டி உப்பு விளையத் தொடங்கும் பாத்தியில் இளஞ்சிவப்பு தட்டினால், அங்கே நுண்ணுயிர்கள் பெருகியிருக்கின்றன என்று அர்த்தம். பெரும்பாலான உயிர்கள் தாங்காத அந்தக் கரிப்பில்தான் ஹாலோ ஆர்க்கியா என்னும் நுண்ணுயிர்கள் செழித்து வாழும். உச்சி வெயிலைத் தாங்க அவை உண்டாக்கும் நிறமிக்கு பாக்டீரியோரூபெரின் என்று பெயர். கேரட்டின் நிறத்துக்குக் காரணமான கரோட்டினாய்டு குடும்பம்தான் இதுவும்.

* * *

உப்பு கல்லாக இறுகும்போது நுணுக்கமான நீர்ப்பொட்டுகளை உள்ளே பூட்டிக்கொள்கிறது. அந்த நீரோடு நுண்ணுயிரும் நிறமியும் சேர்ந்தே அகப்படுகின்றன.

* * *

கல்லை உடைக்காமல், கரைக்காமல் அந்த நிறமியைக் கண்டுபிடிக்க முடியும். கையில் எடுத்துப் போகக்கூடிய ராமன் நிறமாலைமானி போதும். பச்சை லேசரை உப்பின் மேல் பாய்ச்சினால், சிதறித் திரும்பும் ஒளியில் மிகச் சொற்பமான பங்கு நிறம் மாறி வரும். எவ்வளவு மாறுகிறது என்பது மூலக்கூறின் அதிர்வைப் பொறுத்தது. பாக்டீரியோரூபெரின் இருந்தால் 1505, 1152, 1000 செ.மீ.⁻¹ என்ற அலை எண்களை ஒட்டி மூன்று கோடுகள் எழும். இதில் உப்பு செய்யும் உதவி பெரிது: சாதாரண உப்புக்கு என்று முதல்நிலை ராமன் கோடே கிடையாது. அதனால் நிறமியின் கோடு மறைக்கப்படாமல் துலக்கமாகத் தெரிகிறது. எத்தனையோ கனிமங்களுக்கு இந்தக் குணம் இல்லை.

* * *

திருச்சியில் பிறந்த சி.வி. ராமன், வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணனோடு சேர்ந்து, ஒளி நிறம் மாறிச் சிதறும் இந்த விளைவைக் கல்கத்தாவில் கண்டது 1928 பிப்ரவரியில். முதலில் அவர்களுக்கு விளக்கு சூரியன், கருவி கண். 1921-ல் மத்தியதரைக் கடலின் நீலம் கப்பலில் போன ராமனை யோசிக்க வைத்ததில் தொடங்கிய தேடல் அது. இன்று நாகர்கோவில் கல்லூரி மாணவர்கள் ஒரு கைக்கருவியோடு உப்பளப் பாத்தி வரப்பில் இறங்க வேண்டும் என்று மனம் ஆசைப்படுகிறது. இயற்பியலும் உயிரியலும் அங்கே ஒரே பாடம்.

* * *

சிலியின் அடகாமா பாலைவனத்தில் உப்புப் பாறைக்குள் சயனோபாக்டீரியா வாழ்கின்றன. அங்கே கரோட்டினாய்டின் ராமன் கோடுகளைச் செக் நாட்டு யான் யெலிச்கா, பிரிட்டனின் ஹோவெல் எட்வர்ட்ஸ் முதலானோர் பதிவு செய்திருக்கிறார்கள்.

* * *

உப்பில் மட்டுமல்ல, வேறு கனிமங்களுக்குள்ளும் உயிரின் தடத்தைத் தேடுகிறார்கள். குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி மணலில் பிரித்தெடுக்கும் கனிமங்களில் சிர்க்கானும் ஒன்று. ஆஸ்திரேலியாவின் ஜாக் மலைச் சிர்க்கான்களில் கரும்புள்ளி உள்ள 656-ஐப் பொறுக்கி, 79-ஐ ராமன் முறையில் சோதித்தார்கள் கலிபோர்னியா ஆய்வாளர்கள். ஒன்றே ஒன்றில், 410 கோடி ஆண்டு பழைய படிகத்துக்குள், கிராஃபைட் இருந்தது. அதன் கார்பன் ஐசோடோப்பு விகிதம் உயிர்ப்பொருளுடையதை ஒத்திருந்ததாக 2015-ல் எழுதினார்கள். ஆனால் உயிர் இல்லாமலும் அப்படிப்பட்ட கார்பன் உருவாகலாம். கோடு தெரிந்தால் அது என்ன பொருள் என்று கருவி சொல்லும். அதை உண்டாக்கியது யார் என்று சொல்லாது. நிறமியை உண்டாக்கிய நுண்ணுயிர் உயிரோடிருக்கிறதா, செத்துவிட்டதா என்பதும் அதற்குத் தெரியாது.

* * *

இந்தத் தேடல் செவ்வாய்க்கும் நீள்கிறது. கேரளத்தின் வர்க்கலைப் பாறையில் இருக்கும் ஜாரோசைட் கனிமத்தைத் திருவனந்தபுரம் விண்வெளிக் கல்வி நிறுவனத்தார் நிறமாலை வழியே ஆராய்ந்திருக்கிறார்கள். அதே கனிமத்தை 2004-ல் செவ்வாயில் ஆப்பர்ச்சுனிட்டி ஊர்தி கண்டது.

* * *

செவ்வாயில் இப்போது ஓடும் பெர்சிவரன்ஸ் ஊர்தி இரண்டு ராமன் கருவிகளைக் கொண்டு போயிருக்கிறது. ஐரோப்பாவின் ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் ஊர்தி 2028-ல் கிளம்பத் திட்டம். இரண்டு மீட்டர் ஆழம்வரை துளையிட்டு எடுக்கும் மண்ணை அது 532 நானோமீட்டர் பச்சை லேசரால் சோதிக்கும். கரோட்டினாய்டைத் தேடும் கைக்கருவிகள் பலவற்றில் இருப்பதும் அதே பச்சைதான்.